உத்தரவாதம் இருக்கிறது, பயன்படுத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

வாங்கிய பொருள் பழுதாகும்போது உத்தரவாதத்தைப் பயன்படுத்துவதா, கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொள்வதா, புதிதாகவே வாங்கிவிடுவதா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய கம்பியில்லா ஹெட்போனில் ஒரு பக்கம் ஒலி வரவில்லை. ஓராண்டு உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் கூரியர் செலவை நான்தான் ஏற்க வேண்டும், மூன்று வாரமாவது காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு அலைச்சலுக்குப் புதிதாக வாங்கிவிடலாம் என்கிறார் என் தம்பி. அவர் சொல்வது சரிதானா? – ஒரு வாசகர்

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. பழுதை நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பதிவு செய்வதும் பொருளைக் கையிலிருந்து அனுப்பிவைப்பதும் இரண்டு தனித்தனி முடிவுகள் என்பதை அவர் கவனிக்கவில்லை. முதலாவதற்குச் செலவு எதுவும் இல்லை. சீரியல் எண், வாங்கிய தேதி, பழுதின் தன்மை ஆகிய மூன்றையும் எழுதி அனுப்பிப் புகார் எண் ஒன்றைப் பெற்றுக்கொள்வதற்குப் பத்து நிமிடம் போதும். இரண்டாவதற்குத்தான் செலவும் அலைச்சலும் காத்திருப்பும் உண்டு. அந்த அலைச்சலை நினைத்து, செலவில்லாத முதல் வேலையையும் பலர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு மாதம் கழிந்த பிறகு இன்னொரு பக்கமும் நின்றுபோகும்போது, காலத்துக்குள்ளேயே பழுது தொடங்கிவிட்டது என்று காட்டுவதற்கு அவர்களிடம் எந்தச் சான்றும் இருப்பதில்லை.

எனவே முதலில் பதிவு செய்யுங்கள். ஒரு பக்கம் ஒலி வராததைச் சிறு காணொளியாக எடுத்து அதனுடன் இணையுங்கள். விலை குறைந்த சிறு பொருள்களுக்கு இரு வழிப் போக்குவரத்தும் பழுது பார்ப்பவரின் நேரமும் சேர்ந்து பொருளின் அடக்க விலையைத் தாண்டிவிடும் என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். அதனால் காணொளியைப் பார்த்த அளவிலேயே, பழைய பொருளைத் திருப்பிக் கேட்காமல், மாற்றுப் பொருள் அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கேட்காமல் இருந்தால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று பதில் வந்தால், அப்போது கணக்குப் போடுங்கள். நீங்கள் கொடுத்த விலையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது போன பணம். இதற்கு ஈடான ஹெட்போன் இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை ஒரு பக்கமும், கூரியர் செலவு, அது இல்லாமல் கழியும் நாள்கள், செலவாகும் உங்கள் நேரம் ஆகியவற்றை மறுபக்கமும் வையுங்கள். இவற்றோடு நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டுவிடுங்கள். திரும்பி வரப்போவது உங்கள் பொருளே பழுது நீக்கப்பட்டா, புதுப்பிக்கப்பட்ட பழைய பொருளா, புத்தம் புதியதா என்பது முதல் கேள்வி. வரும் பொருளுக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் உண்டு என்பது அடுத்தது. பழைய உத்தரவாதத்தில் மீதமுள்ள காலம் மட்டுமே பொருந்தும் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு; மீதிக் காலம், 90 நாள் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைத் தருபவையும் உண்டு. கம்பியில்லா ஹெட்போனில் முதலில் தேய்வது அதன் சின்னஞ்சிறு லித்தியம் பேட்டரி. எட்டு மாதம் உழைத்த பேட்டரிக்குப் பதிலாகப் புதிய பேட்டரியோடு ஒன்று கிடைக்குமானால், மூன்று வாரக் காத்திருப்பு உங்களுக்கு லாபமே. உங்கள் பழைய பேட்டரியுடன் அதே பொருள் திரும்புமானால் லாபம் குறைவு; அப்போது தம்பியின் யோசனையைக் கேட்கலாம்.

கடிதத்தின் கடைசியில், 'இவ்வளவு சின்னப் பொருளுக்குப் போய் நிற்பது கூச்சமாக இருக்கிறது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் வேண்டாம். விற்கும் பொருள்களில் சில பழுதாகும் என்று கணக்கிட்டு, அதற்கான செலவையும் விலையில் சேர்த்துத்தான் தயாரிப்பாளர் விற்கிறார். நீங்கள் கேட்பது சலுகை அன்று, விலை கொடுத்து வாங்கிய ஒரு பகுதி. பதிவாகும் புகார்களிலிருந்தும் திரும்பி வரும் பொருள்களிலிருந்தும்தான் எந்தப் பாகம் அடிக்கடி போகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் தெரிந்துகொள்கிறார்கள். எல்லோரும் பேசாமல் குப்பையில் போட்டால் அதே பலவீனமான இணைப்பு அடுத்த ஆண்டின் மாடலிலும் இருக்கும். மாற்றித் தந்த பொருளும் அதே இடத்தில், அதே விதமாகப் போகுமானால், மூன்றாவதாக ஒன்றை வாங்கிக்கொள்ளாமல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அந்தப் பழுது வடிவமைப்பிலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மடிக்கணினியின் திரை சில நாள்களாக அவ்வப்போது மினுமினுத்து அணைகிறது. உத்தரவாதம் முடிய இன்னும் 20 நாள்தான் இருக்கிறது. கணினியைக் கொடுத்துவிட்டால் வேலை நின்றுவிடும். என் கோப்புகளை யார் பார்ப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. விட்டுவிடலாமா? – ஓர் ஆய்வு மாணவி

பதில்: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மினுமினுப்புக்குப் பின்னால் ஒரு சிறு கம்பியும் இருக்கலாம், கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகையான மதர்போர்டும் இருக்கலாம். மதர்போர்டாக இருந்தால் உத்தரவாதம் முடிந்த பிறகு அதை மாற்றும் செலவு, கணினியையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போகும்.

எது என்பதை ஓரளவுக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம். திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் மினுமினுத்தால், கீல் வழியாகத் திரைக்குப் போகும் கம்பி தளர்ந்தோ தேய்ந்தோ இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, வெளித்திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள். அதிலும் மினுமினுத்தால் கோளாறு பெரும்பாலும் திரையிலோ கம்பியிலோ இல்லை. உள்ளே இருக்கும் வரைகலைப் பகுதியிலோ அதை இயக்கும் மென்பொருளிலோ இருக்கிறது. இந்த இரண்டு சோதனைகளின் முடிவையும் புகாரில் எழுதுங்கள். விட்டுவிட்டு வரும் பழுதுகளில் பெரிய தொல்லை, மேசையில் வைத்துப் பார்க்கும் நேரத்தில் அது வராமல் போய், 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி அப்படியே திருப்பித் தந்துவிடுவதுதான். தேதி தெரியும்படி எடுத்த இரண்டு மூன்று காணொளிகள் அதைத் தடுக்கும்.

புகாரை இன்றே பதிவு செய்யுங்கள். பிறகு, 'காலத்துக்குள் பதிவான இந்தப் பழுதுக்காக, நான் கணினியை உத்தரவாதக் காலம் முடிந்த பின் கொண்டுவந்தால் ஏற்பீர்களா, எத்தனை நாள் வரை ஏற்பீர்கள்' என்று எழுதிக் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் பதிலை நம்பி இருக்க வேண்டாம். ஏற்போம் என்று எழுத்தில் வந்தால் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். மறுத்தால் இந்த 20 நாளுக்குள் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் வசதி உங்கள் உத்தரவாதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினிகளில் சில மாடல்களுக்கு அது உண்டு, வாங்கியவர்களே அதைக் கவனித்திருப்பதில்லை. திரையோ கம்பியோ மாற்றுவது அங்கேயே முடிந்துவிடக்கூடிய வேலை.

கோப்புகளைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் யாரேனும் பார்த்துவிடுவார்கள் என்பதைவிட, அழிந்துவிடும் என்பதையே நான் அதிகமாக அஞ்சுகிறேன். உத்தரவாதம் கருவிக்குத்தான், உள்ளே இருக்கும் தரவுக்கு இல்லை. சேமிப்பு வட்டைச் சோதித்து, முழுவதும் அழித்து, மென்பொருளை மறுபடி நிறுவித் தருவது சேவை மையங்களின் வழக்கமான நடைமுறைகளில் ஒன்று. ஆகவே ஒப்படைக்கும் முன் ஆய்வேட்டுக்கு இரண்டு இடங்களில் நகல் எடுத்து, அவற்றுள் ஒன்றையாவது வேறொரு கருவியில் திறந்து பார்த்துவிடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி வட்டைக் குறியாக்கம் செய்யும் வசதியை இயக்குங்கள், கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். வட்டைக் கழற்றக்கூடிய மாடலாக இருந்தால், அதை நீங்களே வைத்துக்கொண்டு கணினியை மட்டும் தரலாமா என்று கேளுங்கள். திரைப் பழுதுக்கு உங்கள் வட்டு அவர்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: கடையில் கேட்டால் நிறுவனத்திடம் போ என்கிறார்கள், நிறுவனத்தில் கேட்டால் கடையில் கேள் என்கிறார்கள். யார்தான் பொறுப்பு? – ஒரு வாசகி

பதில்: இரண்டு வேறு பொறுப்புகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் அவராக முன்வந்து கொடுக்கும் வாக்கு. அதன் காலமும் நிபந்தனைகளும் அவர் எழுதியவை. விற்றவர் மீது சட்டம் சுமத்தும் பொறுப்பு வேறு. பெட்டியில் உத்தரவாதக் கார்டு இல்லாவிட்டாலும், கார்டில் உள்ள காலம் முடிந்தாலும், அந்தப் பொறுப்பு இருக்கக்கூடும்.

இது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைபாடுள்ள பொருளுக்கு விற்பனையாளரே குறைந்தது 2 ஆண்டு பொறுப்பு. முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்றால் அதை விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமையைத் தருகிறது. ஆஸ்திரேலியச் சட்டம் ஆண்டுக் கணக்கு எதையும் வைக்காமல், பொருளின் தன்மைக்கும் விலைக்கும் ஏற்ற நியாயமான காலம் அது உழைக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை அளிப்பவர் ஆகிய மூவரையும் பொறுப்பாக்கும் தனி அத்தியாயமே உண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் அங்கே புகார் கொடுக்க வேண்டும்.

உங்கள் நாட்டுச் சட்டம் விற்றவரைப் பொறுப்பாக்குமானால், 'நிறுவனத்திடம் போங்கள்' என்பது கடைக்காரர் சொல்லும் யோசனைதான், அதுவே முடிவாகிவிடாது. கடைக்கு ஒன்றும் நிறுவனத்துக்கு ஒன்றுமாக இரண்டு கடிதங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மற்றவர் என்ன பதில் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதைக் குறிப்பிடுங்கள். நேரில் பேசும்போது பந்தைத் தட்டிவிடுவது எளிது. மற்றவர் சொன்னதும் தேதியோடு எழுதப்பட்டிருக்கும் கடிதத்துக்கு அதே பதிலை எழுதி அனுப்பப் பலரும் தயங்குவார்கள்.

கேள்வி: வாக்யூம் கிளீனரில் அடைப்பு எடுப்பதற்காக நானே திருகுகளைக் கழற்றினேன். 'கழற்றினால் உத்தரவாதம் செல்லாது' என்ற ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது. இப்போது மோட்டார் போய்விட்டது. இனி கேட்டுப் பயன் உண்டா? – ஒரு வாசகர்

பதில்: கேளுங்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டப்படி, குறிப்பிட்ட நிறுவனத்தின் உதிரி பாகத்தையோ சேவையையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை போடுவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. அந்த அடிப்படையில் 2018இல் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது; இத்தகைய ஸ்டிக்கர்களும் அதில் சுட்டிக்காட்டப்பட்டன. எல்லா நாட்டிலும் சட்டம் இப்படி இல்லை. ஆனாலும் நீங்கள் கழற்றியதால்தான் மோட்டார் எரிந்ததா என்ற கேள்வியை எங்கே இருந்தாலும் எழுப்பலாம். என்ன கழற்றினீர்கள், எதைத் தொடவில்லை என்பதை மறைக்காமல் எழுதுங்கள். கழற்றும்போது கம்பி ஏதேனும் அறுந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டி வாங்கி நான்கு ஆண்டு ஆகிறது. கம்ப்ரஸருக்கு 10 ஆண்டு உத்தரவாதம் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். இப்போது குளிர்ச்சி இல்லை. கம்ப்ரஸர் இலவசம், ஆனால் குளிரூட்டும் வாயு, வேலைக் கூலி, போக்குவரத்து ஆகியவற்றை நீங்கள் தர வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்கிறார் வந்தவர். இது உத்தரவாதமே அல்லவே! – ஒரு வாசகி

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுவது ஒன்று, நிபந்தனைத் தாளில் சிறிய எழுத்தில் இருப்பது இன்னொன்று. முழுப் பெட்டிக்கும் குறுகிய காலம், கம்ப்ரஸர் என்ற ஒரு பாகத்துக்கு மட்டும் நீண்ட காலம் என்பதுதான் இத்தகைய உத்தரவாதங்களின் பொதுவான அமைப்பு. முழுப் பெட்டிக்கான காலம் முடிந்ததும் கூலியும் வாயுவும் பெரும்பாலும் உங்கள் கணக்கில் வந்துவிடும். கம்ப்ரஸர் உறுதியான பாகம். ஓட்டத்தின் தொடக்கத்தில் சில பழுதாகும். அதைத் தாண்டியவை பல ஆண்டு தாங்கும் என்று தெரிந்துதான் 10 ஆண்டு என்று எழுத முடிகிறது.

தொகையைப் பார்த்து முடிவு எடுப்பதற்கு முன், கம்ப்ரஸர்தான் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது எனக் கேளுங்கள். குளிர்ச்சி நின்றதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். கம்ப்ரஸரைத் தொடக்கிவிடும் ரிலே போயிருக்கலாம். அது விலை குறைந்த சிறு பாகம். கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வகை என்றால் அதன் மின்சுற்றுப் பலகை போயிருக்கலாம். குழாயில் எங்கேனும் கசிவு ஏற்பட்டு வாயு போயிருக்கலாம். கசிவுதான் காரணம் என்றால், அதை அடைக்காமல் இலவசக் கம்ப்ரஸரைப் பொருத்தி வாயுவை நிரப்புவதில் பயன் இல்லை. சில மாதங்களில் அதே நிலை திரும்பும். குழாய் அமைப்பைத் திறந்தால், ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அது மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை எல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம். வெளியே ஒரு நல்ல மெக்கானிக்கைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது வீண் செலவு ஆகாது.

கம்ப்ரஸர்தான் என்று உறுதியானால், நான்காண்டுப் பெட்டிக்கு நான் செலவு செய்வேன். அதன் ஆயுளில் பெரும்பகுதி இன்னும் மீதி இருக்கிறது. ஒன்பதாம் ஆண்டில் இதே தொகையைக் கேட்டால் கொடுக்க மாட்டேன். கதவு ரப்பரும் மின்விசிறியும் பலகையும் அடுத்தடுத்துப் போகத் தொடங்கும் வயது அது. அவற்றில் எதற்கும் 10 ஆண்டு வாக்கு கிடையாது.

என் வீட்டிலும் ஒரு பெட்டி இரவில் தட்டுவது போல ஒலி எழுப்பியது. இன்னும் குளிர்கிறதே என்று இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். முழுப் பெட்டிக்கான காலம் முடிந்த மூன்றாம் வாரம் அது நின்றது. தட்டும் ஒலி கேட்ட முதல் இரவே புகார் எழுதியிருந்தால் கூலி, வாயு எதுவும் என் தலையில் விழுந்திருக்காது. மேலே முதல் கேள்விக்கான பதிலில் பதிவு செய்வதை அவ்வளவு வற்புறுத்தியதற்கு அந்த இரண்டு மாதமும் ஒரு காரணம்.

கேள்வி: செல்பேசி ஒருமுறை கீழே விழுந்து மூலையில் நசுங்கியது. அதன் பிறகு நன்றாகத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து இப்போது சார்ஜ் ஏறுவதில்லை. பில்லும் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. விழுந்ததைச் சொன்னால் மறுத்துவிடுவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். மறைக்கலாமா? – கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: மறைக்க வேண்டாம். நசுங்கிய மூலை கண்ணுக்குத் தெரிகிறது. மறைத்தால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். தவிரவும், எங்கே அடி பட்டது என்று தெரிந்தால்தான் பழுது பார்ப்பவர் சரியான இடத்தில் தேடுவார். விழுந்தது மேல் மூலையில், சார்ஜ் துளை கீழே, இடையில் மூன்று மாதம் ஒழுங்காக இயங்கியது என்றால், விழுந்ததற்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பு இல்லை என்று வாதிட உங்களுக்கு இடம் இருக்கிறது. அதை அந்த வரிசையிலேயே எழுதுங்கள். அவர்கள் மறுத்தால், அடியால்தான் இது நேர்ந்தது என்பதற்கான தொழில்நுட்பக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஈரம் பட்டதா என்றும் பார்ப்பார்கள். பல செல்பேசிகளின் உள்ளே, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சிறு பட்டை ஒன்று இருக்கும். நீர் புகாதது என்று விளம்பரம் செய்யப்பட்ட செல்பேசிகளுக்கும் கூட நீரால் நேரும் சேதத்துக்குப் பெரும்பாலான உத்தரவாதங்கள் பொறுப்பு ஏற்பதில்லை.

சேவை மையத்துக்குப் போகும் முன், சார்ஜ் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் அடைத்துக்கொண்டு கம்பி முழுவதும் உள்ளே போகாமல் இருப்பதே பல நேரங்களில் காரணமாக இருக்கும். செல்பேசியை அணைத்துவிட்டு, உலோகம் அல்லாத மெல்லிய குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டு, வேறு கம்பியும் வேறு சார்ஜரும் போட்டுப் பாருங்கள்.

பில் வெளுத்ததற்குக் காரணம் அது வெப்பத்தாளில் அச்சிடப்பட்டிருப்பது. வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மறைந்துவிடும். அட்டையிலோ வங்கி வழியாகவோ பணம் கட்டியிருந்தால் கணக்கு விவரத்தில் தேதியும் தொகையும் இருக்கும். கடையின் கணினியிலும் விற்பனைப் பதிவு இருக்கக்கூடும், மறு நகல் கேளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், சீரியல் எண்ணை வைத்து அந்தச் செல்பேசி எப்போது தயாரானது, எப்போது முதலில் இயக்கப்பட்டது என்பதை நிறுவனமே பார்க்க முடியும். பல நிறுவனங்களின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் உத்தரவாதம் முடியும் தேதியே தெரிந்துவிடும். இன்றிரவே அதை இட்டுப் பார்த்து, வரும் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு நாளை காலை புகாரைப் பதிவு செய்யுங்கள்.